வெந்நீர்க் கிணறும் எமது தோட்டக் கிணறும்

நிலத்தடிச் சூட்டை எவ்வளவு எடுக்கலாம், எப்படி எடுக்கலாம்?

"கன்னியாவிலை தண்ணி தானாச் சுடுகுது. எங்கடை மடத்துவெளியிலை தண்ணி தானாச் சவராகுது. அந்தச் சூட்டைக் கொண்டு இந்தச் சவரைப் போக்க ஏலாதோ?"

கிளிநொச்சியில் இடம்பெயர்ந்த குடும்பங்களுடன் பேசிக்கொண்டிருந்தபோது வயது முதிர்ந்த ஐயா ஒருவர் எம்மிடம் இப்படிக் கேட்டார். புங்குடுதீவு மடத்துவெளியில் வயலும் தோட்டமும் செய்தவர். 1991இல் தீவை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. காணி உறுதி இன்னும் கையில் இருக்கிறது. ஆனால் ஊர் போய்ப் பார்த்துவந்த மகன், கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத சவர் என்று சொன்னாராம். பக்கத்தில் இருந்த இளைஞர்கள் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அது விபரம் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. உலகில் வேறு தீவுகளிலும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். சில இடங்களில் செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அதற்குரிய பதிலை இங்கே எழுதுகிறோம்.

கன்னியாவில் நடப்பது என்ன?

திருகோணமலை நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர் தூரத்தில் கன்னியா இருக்கிறது. அருகருகே ஏழு சிறு கிணறுகள். ஒன்றின் சூடு மற்றதின் சூடு அல்ல. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்பது ஐதிகம். இன்றும் இறந்தவருக்குக் கிரியை செய்ய அங்கே போகும் குடும்பங்கள் உண்டு.

இலங்கையில் எரிமலை இல்லை. அப்படியிருக்கத் தண்ணீர் சுடுவது எப்படி? மழைத்தண்ணீர் பழைய கடும்பாறையிலுள்ள வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும். உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை கூடுகிறது. ஆழத்தில் சூடேறிய தண்ணீர் இன்னொரு வெடிப்பின் வழியே மேலே வருகிறது. வரும் வழியில் சூட்டில் ஒரு பங்கை இழந்து, மேல்மட்டத்துக் குளிர்ந்த நீருடனும் கலந்து, நாம் அள்ளிக் குளிக்கக்கூடிய பதத்தில் வெளிவருகிறது. மகா ஓயா, கபுரெல்ல, அம்பாந்தோட்டை மாவட்டத்து மகாபெலஸ்ஸ ஆகிய வெந்நீர் ஊற்றுகளும் இதே வகையானவை.

ஆகவே சூடு தண்ணீருக்குச் சொந்தமானதல்ல, பாறைக்குச் சொந்தமானது. தண்ணீர் அதைச் சுமந்து வரும் வண்டி மட்டுமே. நூறு பங்குப் பாறையில் பத்துப் பங்கு இடுக்குகளில் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அங்குள்ள மொத்தச் சூட்டில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் பாறையில்தான் இருக்கும். அந்தச் சூட்டைத் தண்ணீரில் ஏற்றி மேலே கொண்டுவருவதே புவிவெப்பம் எடுக்கும் தொழில். எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் சில காரியங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: ஆழமும் சூடும்

மேலே சொன்ன கணக்கின்படி பார்த்தால், எமது பக்கத்தில் 2 கிலோமீற்றர் ஆழத்தில் 80 பாகை அளவான சூட்டை எதிர்பார்க்கலாம். எரிமலைப் பிரதேசங்களில் இதைவிடக் குறைந்த ஆழத்திலேயே 200 பாகைக்கு மேல் கிடைக்கும். இத்தாலியின் லார்தரெல்லோ அப்படிப்பட்ட இடம். அங்கே 1904இல் நிலத்தடி நீராவியைக் கொண்டு முதன்முதலாக ஐந்து மின்குமிழ்களை எரித்துக் காட்டினார்கள். மின்சாரம் செய்ய அதிக சூடு வேண்டும். மீன், மிளகாய், ஒடியல் போன்றவற்றை உலர்த்தவோ, உப்புத் தண்ணீரை ஆவியாக்கி நன்னீர் எடுக்கவோ 60, 70 பாகை போதும்.

இரண்டு: பாறையின் வெடிப்புகள்

பாறை எவ்வளவு சூடாக இருந்தாலும் தண்ணீர் அதனூடாக ஓட முடியாவிட்டால் பயனில்லை. ஓட்டம் அளவுக்கு மிஞ்சி இலகுவாக இருந்தாலும் பயனில்லை. ஒரேயொரு பெரிய வெடிப்பு இருந்தால், உள்ளே விட்ட தண்ணீர் முழுவதும் அதனூடாகவே பாய்ந்து வந்துவிடும். இரு புறமும் உள்ள சூடான பாறை தொடப்படாமலே கிடக்கும். இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் 1980களில் சூடான கருங்கற் பாறைக்குள் தண்ணீர் செலுத்திப் பரிசோதித்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் வந்தது. தண்ணீர் குறுக்கு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. வெளிவந்த தண்ணீரின் சூடு இறங்கியது.

தோட்டக்காரருக்கு இது புதிதல்ல. வாய்க்கால் வரம்பில் நண்டுப் பொந்து இருந்தால் தண்ணீர் முழுவதும் அதனால் போய்விடும். பாத்தி காய்ந்து கிடக்கும். வாய்க்காலிலிருந்து நூறு சிறு கிளைகளாகப் பிரிந்து ஊறும் தண்ணீரே பயிருக்கு உதவும். பாறையிலும் அப்படித்தான்.

மூன்று: இறைக்கும் வேகம்

இதுவே மிக முக்கியமான காரியம். இதில் பெரிய நாடுகளே பிழை விட்டிருக்கின்றன.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கெய்சர்ஸ் என்ற இடத்தில் 1960 முதல் நிலத்தடி நீராவியிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். நன்றாக வருகிறது என்று கண்டதும் பல கம்பனிகள் கிணற்றுக்கு மேல் கிணறு தோண்டின. 1987 அளவில் உற்பத்தி உச்சத்துக்குப் போய்ப் பின்பு கடகடவென்று இறங்கியது. சூடு முடிந்துபோகவில்லை. பாறை அப்போதும் சூடாகவே இருந்தது. அந்தச் சூட்டைச் சுமந்துவரத் தண்ணீர்தான் இல்லாமற் போனது. பிறகு 1997இலும் 2003இலும் பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரை நெடுந்தூரம் குழாய் வழியே கொண்டுவந்து பாறைக்குள் செலுத்தத் தொடங்கிய பின்பே வீழ்ச்சி மட்டுப்பட்டது.

நியூசிலாந்தின் வைராக்கேயில் மின்நிலையம் 1958இல் தொடங்கியது. எடுத்த தண்ணீரை நெடுங்காலமாக நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. நிலத்தடி அழுத்தம் குறைந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் பீறிட்டுக்கொண்டிருந்த வெந்நீர் ஊற்றுகள் அடங்கிப்போயின. நிலமும் தாழ்ந்தது, ஓரிடத்தில் பல மீற்றர் ஆழத்துக்குக் கீழிறங்கியது. கன்னியா போன்ற இடத்துக்கு அருகில் யாராவது ஆழ்கிணறு தோண்ட வந்தால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது இந்தக் கதைதான்.

நான்கு: திருப்பிக் கொடுத்தலும் தூரமும்

பிரான்சின் தலைநகரான பாரிஸைச் சுற்றியுள்ள நிலத்துக்கு அடியிலும் சுண்ணாம்புக்கல் உண்டு. எமது தீவுகளின் சுண்ணாம்புக்கல்லைவிட மிகப் பழையது. 1500 முதல் 2000 மீற்றர் ஆழத்தில் கிடப்பது. அதிலுள்ள தண்ணீரின் சூடு 55 முதல் 80 பாகை வரை. 1969இல் மெலன் என்ற ஊரில் தொடங்கி, அந்தச் சூட்டைக் கொண்டு குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்குகிறார்கள். அங்கே கிணறுகள் சோடியாகவே இருக்கும். ஒன்றால் சுடுதண்ணீரை எடுப்பார்கள். சூட்டை வாங்கிக்கொண்டு, ஆறிய தண்ணீரை மற்றக் கிணற்றால் அதே பாறைக்குள் அனுப்புவார்கள். பாறைக்குள் இரண்டு கிணறுகளின் அடிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் இருக்கும்.

ஏன் இவ்வளவு தூரம்? ஆறிய தண்ணீர் பாறையிலிருந்து சூட்டை வாங்கியபடி மெதுவாக எடுக்கும் கிணற்றை நோக்கி வருகிறது. அது வந்து சேரும் நாளிலிருந்து கிணற்றின் சூடு குறையத் தொடங்கும். கிணறுகளின் இடைவெளியை இரட்டித்தால் அந்த நாள் ஏறக்குறைய நாலு மடங்கு தள்ளிப்போகும். இறைக்கும் அளவை இரட்டித்தால் அந்த நாள் பாதிக் காலத்திலேயே வந்துவிடும். பாரிஸில் இருபது முப்பது ஆண்டுகளுக்குச் சூடு குறையாதபடி கணக்கிட்டுக் கிணறுகளை அமைத்தார்கள்.

திருப்பிச் செலுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆழத்துச் சுடுதண்ணீர் பெரும்பாலும் உப்புக் கரித்த தண்ணீர். பாரிஸின் சுடுதண்ணீரும் அப்படியே. தொடக்க காலத்தில் அது இரும்புக் குழாய்களை அரித்தும் அடைத்தும் பெரும் நட்டத்தை ஏற்படுத்தியது. அப்படிப்பட்ட தண்ணீரை நிலத்தின் மேல் ஓடவிட்டால் நல்ல தண்ணீரும் கெடும், காணியும் கெடும்.

ஐந்து: சூடு திரும்பி ஊறும் காலம்

எடுத்த சூடு திரும்ப வராதா? வரும். ஆனால் அதன் நடை மிக மெதுவானது. பாறையில் சூடு 10 மீற்றர் பரவ மூன்று ஆண்டளவு ஆகும். 100 மீற்றர் பரவ முன்னூறு ஆண்டளவு ஆகும். தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகிறது.

பூமியின் உள்ளிருந்து தானாக மேலெழும் சூட்டையும் கணக்குப் பார்ப்போம். நிலப்பகுதிகளில் சராசரியாக ஒரு சதுர மீற்றருக்கு 0.065 வாற்று. பதினாறு பரப்புக் கொண்ட ஒரு ஏக்கருக்கு 260 வாற்று அளவு வருகிறது. ஒரு பரப்புக்கு 16 வாற்று. அது ஒரு சிறிய மின்குமிழின் அளவு. அதைவிட அதிகமாக எடுக்கும்போது, ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த முதலில் கைவைக்கிறோம். முதலை எடுக்கக் கூடாது என்பதில்லை. ஆனால் எடுப்பது முதல் என்று தெரிந்து எடுக்க வேண்டும். விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுபவன் அது விதைநெல் என்று தெரிந்திருக்க வேண்டியது போல.

மடத்துவெளிக்கு என்ன பதில்?

இனி ஐயாவின் கேள்விக்கு வருவோம். சூட்டைக் கொண்டு சவரைப் போக்கலாமா? போக்கலாம். கிரேக்க நாட்டின் கிமோலோஸ் என்ற சிறிய தீவில், நிலத்தடியிலிருந்து எடுத்த 61 பாகை அளவான சுடுதண்ணீரைக் கொண்டு கடல்நீரிலிருந்து நன்னீர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது எரிமலைத் தீவு. அங்கே இருநூறு மீற்றருக்கு உட்பட்ட ஆழத்திலேயே அந்தச் சூடு கிடைத்தது.

மடத்துவெளியில் வெந்நீர் ஊற்று இல்லை. அதே சூட்டுக்கு எமது தீவில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் துளைக்க வேண்டும். துளைத்தாலும் அந்த ஆழத்துப் பாறை தண்ணீரை ஓடவிடுமா என்பது துளைத்த பின்புதான் தெரியும். ஒரு கிணற்றுக்கே பல கோடி ரூபா செலவாகும். சோடியாக வேண்டுமென்றால் அதன் இரட்டிப்பு. இலங்கையில் இதுவரை புவிவெப்ப மின்நிலையம் ஒன்றுகூட இல்லை.

சூடுதான் வேண்டுமென்றால் தலைக்கு மேலே பார்ப்போம். எமது பிரதேசத்தில் இரவையும் பகலையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலும், ஒரு சதுர மீற்றர் நிலத்தில் விழும் வெயில் 200 வாற்று அளவு. நிலத்தடியிலிருந்து வருவதைப்போல் அது மூவாயிரம் மடங்கு. ஒடியலையும் கருவாட்டையும் உலர்த்த எமது அம்மாமார் வெயிலை நம்பியது சரியான கணக்குத்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றைச் சேர்த்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு, இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தீவுகளுக்கு முதலில் பொருந்துவது மேலிருந்து வரும் சூடுதான்.

அப்படியானால் இவ்வளவு நேரம் வெந்நீரைப் பற்றிப் பேசியது வீணா? இல்லை. வெந்நீர்க் கிணற்றுக்கும் எமது தோட்டக் கிணற்றுக்கும் சட்டம் ஒன்றுதான்.

கிணற்றின் கணக்கு

எமது தீவில் ஆறு இல்லை. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் இறங்கி, கீழேயுள்ள உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே அது நாற்பது அடி அளவுக்குத் தாங்கி நிற்கும். ஐரோப்பாவின் கடற்கரைகளை ஆராய்ந்த கைபன், ஹெர்ஸ்பேர்க் என்ற இருவர் நூறாண்டுகளுக்கு முன்பே கண்ட கணக்கு இது. கணக்கின் மறுபக்கம் பயங்கரமானது. மேல் மட்டம் ஒரு அடி தாழ்ந்தால், காலப்போக்கில் கீழே நாற்பது அடி நல்ல தண்ணீர் இல்லாமற் போகும். அதன் இடத்துக்கு உப்பு மேலேறும்.

பாரிஸில் ஆறிய தண்ணீர் பக்கவாட்டில் வருகிறது. மடத்துவெளியில் உப்புத் தண்ணீர் கீழிருந்து வருகிறது. இரண்டையும் அழைப்பது அவசரப்பட்டு இறைக்கும் இறைப்புத்தான்.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் ஒரு நாளைக்கு இறைக்கக்கூடிய தண்ணீருக்கு ஓர் எல்லை இருந்தது. மனிதனின் காலும் கையும் களைத்தபோது கிணறும் ஓய்வெடுத்தது. மிசின் வந்தபோது அந்த எல்லை போய்விட்டது. மிசினுக்குக் களைப்பு இல்லை. தீவகத்தில் நாம் அறிந்த ஒரு குடும்பம் ஊர் திரும்பிய முதல் வருடமே பெரிய பம்பி ஒன்றை வாங்கிக் காலை முழுவதும் இறைத்தது. முதல் போகம் நன்றாக வந்தது. இரண்டாம் போகத்தில் மிளகாய்க் கன்றின் இலை ஓரம் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கிணற்றை இன்னும் ஆழமாக்கினார்கள். அதோடு கிணறு முழுச் சவர். இப்போது அவர்களும் பவுசரை எதிர்பார்த்து நிற்கிறார்கள். வேலணை சாட்டித் தண்ணீரை நம்பி நிற்கும் தீவக வீடுகளில் அதுவும் ஒரு வீடு.

இந்தக் குடும்பத்தைக் குறை சொல்லவில்லை. வருடக்கணக்காக ஊரை விட்டு இருந்தவர்களுக்குக் கிணற்றின் குணம் மறந்துபோவது இயல்பு. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

ஊர் திரும்புவோர் கவனிக்க

முதலாவது, பாழடைந்து கிடந்த கிணற்றைத் துப்புரவாக்குங்கள். ஆனால் ஆழமாக்க வேண்டாம். நல்ல தண்ணீர் மேலேதான் மிதக்கிறது. ஆழத்தில் இருப்பது உப்பு.

இரண்டாவது, ஒரே நேரத்தில் அதிகமாக இறைக்காமல் காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறையுங்கள். பம்பியின் உறிஞ்சு குழாயைக் கிணற்றின் அடியில் விடாமல், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி கட்டுங்கள்.

மூன்றாவது, ஒரு கிணற்றில் பத்துப் பேர் இறைப்பதைவிட, தள்ளித் தள்ளியுள்ள நாலு ஆழமற்ற கிணறுகளில் முறை வைத்து இறைப்பது நல்லது. வெந்நீர்க் கிணறுகளுக்கு இடைவெளி வேண்டியது போலவே எமது கிணறுகளுக்கும் வேண்டும்.

நாலாவது, எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். கெய்சர்ஸில் கழிவுநீரைக் குழாய் வழியே கொண்டுவந்து நிலத்துக்குக் கொடுத்தார்கள். எமக்கு மாரி மழை இருக்கிறது. தூர்ந்த குளத்தையும் கேணியையும் ஊர் கூடித் தோண்டுவோம். வயல் வரம்பை உயர்த்துவோம். கடலுக்கு ஓடும் வெள்ளத்தை மறித்து நிலத்துக்குள் இறங்க விடுவோம். சவரான கிணறும் இப்படிச் சில மாரிகளுக்குப் பின் மெல்ல மெல்லத் தேறலாம். பாறையின் சூட்டைப் போல முன்னூறு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஒன்றில் எமக்கு அதிர்ஷ்டம் உண்டு.

காணி கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டியவை

நாளைக்கு யாராவது, "உங்கள் காணிக்கு அடியில் சூடு இருக்கிறது, வெறுமனே கிடக்கும் காணிதானே, குத்தகைக்குத் தாருங்கள்" என்று வரக்கூடும். அல்லது ஆழ்குழாய்க் கிணறு தோண்ட வரக்கூடும். ஊரில் இல்லாத சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்குவது இலகு என்று சிலர் நினைக்கிறார்கள். கையெழுத்து வைப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

எவ்வளவு ஆழம் துளைக்கப் போகிறீர்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் எடுப்பீர்கள்? எடுத்த தண்ணீரை எங்கே விடுவீர்கள்? மேலுள்ள நல்ல தண்ணீருக்குள் ஆழத்து உப்புத் தண்ணீர் கலக்காதபடி குழாயை எப்படி அடைப்பீர்கள்? பக்கத்துக் கிணறுகளின் மட்டத்தையும் சவரையும் யார் அளந்து எழுதிவைப்பார்? கிணறுகள் கெட்டால் பொறுப்பு யாருடையது?

இந்த ஆறு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் காணியைக் கொடுக்க வேண்டாம்.

ஐயாவிடம் இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப சூடும் தண்ணியும் ஒண்டுதான். கிணத்துக்கு மூச்சுவிட நேரம் குடுக்க வேணும்" என்றார். எமது அப்புமார் துலா மிதித்து அறிந்திருந்த பாடம் அது. மாரி முடிந்ததும் மகனுடன் ஊருக்குப் போய்க் கிணற்றைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். போகும்போது ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரை எடுத்துவரச் சொன்னோம். எவ்வளவு சவர் என்று அளந்து பார்ப்போம். அடுத்த மாரிக்குப் பின்பும் அளப்போம். ஊரில் கிணறு உள்ள ஒவ்வொரு குடும்பமும் அப்படிச் செய்தால், எமது நிலம் எவ்வளவு தரும் என்பதை வேறு யாரும் வந்து எமக்குச் சொல்லவேண்டியிராது.